கேட்பாரற்ற விளையாட்டுத் திடலை ஊருக்கு மீட்டெடுப்பது: வட சென்னையில் புதிதாக முயல்வோருக்கான வழிகாட்டி

திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை எந்தப் பேட்டைக்குப் போனாலும், சுற்றுச்சுவர் பாதி இடிந்து, ஒரு மூலையில் கட்டட இடிபாடுகள் குவிந்து, ஐப்பசி கார்த்திகையில் குளமாகி, மற்ற மாதங்களில் மாலை நேரத்தில் மட்டும் சில இளைஞர்கள் பந்தாடுகிற ஒரு திடலைப் பார்க்கலாம். அந்தத் திடலை ஒட்டிய தெருக்களிலேயே, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியும், நடக்க இடமில்லாத பெண்களும் முதியவர்களும் வசிக்கிறார்கள். அப்படியொரு திடலை மீட்க முதன்முறையாக முயலும் குடியிருப்போர் குழுவுக்கோ இளைஞர் மன்றத்துக்கோ உதவும் வகையில், வேலைகளை அவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த வரிசையைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலான குழுக்கள் மனு எழுதுவதில் தொடங்குகின்றன; மனுவில் உடற்பயிற்சிக் கூடம், அலங்கார வளைவு, வண்ண டைல்ஸ், செயற்கைப் புல் என்று கட்ட வேண்டியவற்றின் பட்டியல் இருக்கும். கட்டியது சில ஆண்டுகளில் பூட்டிக் கிடப்பதையும், உபகரணங்கள் துருப்பிடிப்பதையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எந்த நேரத்தில் யார் வருவார்கள் என்பதை முடிவு செய்யாமல் கட்டிய இடம் யாருக்கும் சொந்தமாவதில்லை. ஆகவே திடலை முதலில் பயன்படுத்தத் தொடங்குங்கள். அந்தப் பயன்பாடு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கட்டுங்கள்.

நிலம் யாருடையது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள்

"இது கார்ப்பரேஷன் கிரவுண்டுதான்" என்று ஏரியாவில் எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பி அடுத்த வேலையில் இறங்க வேண்டாம். வட சென்னையில் திறந்தவெளி நிலங்கள் பல கைகளில் இருக்கின்றன. மாநகராட்சி, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறியது), தெற்கு ரயில்வே, சென்னைத் துறைமுக ஆணையம், வருவாய்த் துறை, கோயில், தேவாலயம், பள்ளி நிர்வாகம் என இவற்றில் யாருடையதாகவும் உங்கள் திடல் இருக்கலாம். வாரியக் குடியிருப்பின் நடுவில் இருக்கும் திடலுக்கு மாநகராட்சியிடம் மனு கொடுத்தால், பல மாதம் கழித்து "எங்கள் வரம்பில் இல்லை" என்ற ஒற்றை வரி பதில்தான் கிடைக்கும்.

உரிமையை அறிய, நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடத்தின் பிளாக் எண்ணையும் சர்வே எண்ணையும் கண்டுபிடிக்க வேண்டும். அரசின் நில ஆவண இணையதளத்திலும், உங்கள் பகுதிக்குரிய வட்டாட்சியர் அலுவலகத்திலும் இதைப் பெறலாம். அது போதாதபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் "ஏன் சீரமைக்கவில்லை" என்று கேட்பதால் பயன் இல்லை. நில உரிமை ஆவணத்தின் நகல், கடைசியாக நடந்த பராமரிப்புப் பணியின் மதிப்பீட்டு நகல், அந்த இடத்தைக் குறித்து மாமன்றத்தில் நிறைவேறிய தீர்மானங்களின் நகல் என்று ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மாதவரம், மணலி போன்று 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் இன்னொரு வகை நிலமும் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய மனைப்பிரிவுகளுக்கு அனுமதி பெறும்போது நிலத்தில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவுகளில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. இப்படி வந்த, ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) எனப்படும் நிலங்களில் பல, வேலி கூட இல்லாமல் முள்செடி மண்டிக் கிடக்கின்றன. உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலி இடம் யாரோ ஒருவருடைய மனை என்று நினைத்திருப்பீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் அது உங்கள் எல்லாருடைய விளையாட்டிடமாக இருக்கக்கூடும்.

இந்த வேலை சலிப்பூட்டும். ஆனாலும் இது முடியாமல் எந்த அலுவலரும் மதிப்பீடு தயாரிக்க மாட்டார், தயாரிக்கவும் கூடாது.

ஒரு வாரம் முழுக்கத் திடலைக் கவனியுங்கள்

ஆவணங்களுக்குக் காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது இது. குழுவில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு, காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை, வாரநாள்களிலும் ஞாயிற்றுக்கிழமையிலும், ஒவ்வொரு மணி நேரத்திலும் திடலில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஆணா பெண்ணா, ஏறத்தாழ என்ன வயது, என்ன செய்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுத வேண்டும். யார் பெயரையும் எழுத வேண்டாம்; படம் பிடிக்கவும் வேண்டாம், அது உடனே சந்தேகத்தைக் கிளப்பிவிடும்.

நோட்டைப் புரட்டினால் வந்தவர்களை விட வராதவர்களைப் பற்றி அதிகம் தெரியும். மாலை ஐந்து முதல் ஏழு வரை திடல் நிரம்பியிருக்கும், பகல் முழுக்கக் காலியாக இருக்கும், பெண்கள் ஓரமாகக் குறுக்கே கடந்து போவதைத் தவிர நிற்கவே மாட்டார்கள். அடுத்ததாக அந்த வராதவர்களின் வீட்டு வாசலுக்குப் போய், எந்த நேரம் அவர்களுக்குத் தோதுப்படும் என்று கேளுங்கள். விடை பேட்டைக்குப் பேட்டை மாறும். காசிமேட்டில் மீன் ஏலம் விடியுமுன் நடப்பதால், அந்த வேலையில் இருக்கும் பெண்களுக்குக் காலை ஐந்தரை மணி நடைப்பயிற்சி என்ற அறிவிப்பு பொருளற்றது. அவர்களுக்குப் பிற்பகல் நான்கு மணிதான் ஓய்வான நேரம். பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களுக்குக் காலை ஒன்பதுக்கு மேல்தான் கை ஓயும். அப்போது நிழல் வேண்டும். நிழலை எங்கே வைப்பது என்ற வடிவமைப்புக் கேள்விக்கு விடை, இப்படி வீட்டு வாசலில் கிடைக்கும் பதில்களிலிருந்துதான் வர வேண்டும்.

இப்போது ஆடிக்கொண்டிருப்பவர்களை எதிரிகளாக்கிக்கொள்ள வேண்டாம்

சீரமைப்பு என்றதும் சிலர் முதலில் சொல்வது, "பசங்களை வெளியே அனுப்ப வேண்டும்" என்பதே. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் அந்தத் திடலைத் திடலாக வைத்திருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். அவர்கள் தினமும் ஆடியிராவிட்டால் அங்கே எப்போதோ லாரி நிறுத்தமோ கடைகளோ வந்திருக்கும். வியாசர்பாடியின் கட்டாந்தரைகளில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள்தாம் தனபால் கணேஷும் நந்தகுமார் சேகரும். இருவரும் இந்திய அணிக்காக ஆடியவர்கள். அதே வியாசர்பாடியின் இளவழகி 2008-இல் கேரம் உலகச் சாம்பியன் ஆனார். வடசென்னையின் காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் நினைவு இன்றும் இராயபுரத்திலும் வண்ணாரப்பேட்டையிலும் பெருமையோடு பேசப்படுகிறது. இந்த மண்ணில் விளையாட்டு ஏற்கனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் மற்றவர்களுக்கும் இடம் உண்டாக்குவதே நம் வேலை.

எனவே, முதல் கூட்டத்துக்கே பந்தாடும் இளைஞர்களில் இருவரையாவது அழைத்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். மாற்றுத்திறனாளி ஒருவரும் முதியவர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். பின்னால் பணம் கையாள வேண்டியிருக்கும் என்று தோன்றினால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். குறைந்தது ஏழு உறுப்பினர்கள் வேண்டும்.

கோரிக்கையை முன்வைக்கச் சரியான இடம், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அங்கே எழுத்துமூலமாக வைத்துப் பதிவேட்டில் ஏறிய கோரிக்கைக்கு, கவுன்சிலர் வீட்டு வாசலில் கொடுத்த மனுவுக்கு இல்லாத வலு உண்டு. இரண்டையும் செய்யுங்கள். உங்கள் ஒரு வாரக் கணக்கின் சுருக்கத்தையும் நில ஆவண நகலையும் கூடவே இணையுங்கள்.

செலவில்லாமல் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள்

நிதி வருவதற்கு முன்பே திடலை ஓடவிட முடியும். இடிபாடுகளையும் குப்பையையும் அகற்றவும், எரியாத விளக்கைச் சரிசெய்யவும் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துவைத்து, தீரும்வரை தொடருங்கள். திடலின் ஓரமாகச் சுண்ணாம்புத் தூளால் ஒரு நடைப்பாதையைக் கோடிட்டுக் காட்டுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நடப்பவர்களுக்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் பந்து நடுப்பகுதியில் மட்டுமே ஆடப்பட வேண்டும் என்று ஆட்டக்காரர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த மூன்று மாதத்தில் சுண்ணாம்புக் கோடு அழியும், சண்டை வரும், ஒருநாள் பந்து யார் மீதாவது படும். அவை எல்லாமே பின்னால் பொறியாளரிடம் பேசும்போது பயன்படும் தகவல்கள். எந்த ஓரத்தில் வலை வேண்டும், எந்த வாசலை மக்கள் உண்மையில் பயன்படுத்துகிறார்கள் என்பவை காகிதத்தில் வரைந்து பார்த்தால் தெரிவதில்லை.

தண்ணீரும் மண்ணும்

திடலைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 90 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட திடலை எடுத்துக்கொள்வோம். இது 5,400 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 24 கிரவுண்டு. அதன்மேல் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 5,40,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் கொள்ளும் 45 லாரித் தண்ணீர். இத்தனையும் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை இல்லாத வரைபடத்தை ஏற்காதீர்கள்.

இதில் கடலோரப் பகுதிக்கும் உள்பகுதிக்கும் வேறுபாடு உண்டு. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டையின் கிழக்கு ஓரம் ஆகியவை மணற்பாங்கானவை. தண்ணீர் விரைவில் இறங்கிவிடும். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொடுங்கையூர் ஆகியவை தாழ்வானவை. ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றில் நீர்மட்டம் ஏறியிருக்கும்போது தெருத் தண்ணீரே வடியாது, திடல் தண்ணீர் எப்படி வடியும்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இதைக் கண்கூடாகப் பார்த்தோம். உங்கள் மண் எப்படிப்பட்டது என்று அறிய, ஓரடி நீள அகலமும் ஓரடி ஆழமும் உள்ள குழி ஒன்றைத் தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வற்றியபின் மறுமுறை நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அது களிமண் தரை. மண்ணுக்குள் இறங்கும் என்று நம்பியிருக்காமல், மேற்பரப்பிலேயே தண்ணீரை வழிந்தோடச் செய்ய வேண்டும். திடலின் வெவ்வேறு இடங்களில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஏனென்றால் இடிபாடு கொட்டி நிரப்பிய பகுதி ஒரு மாதிரியும் பழைய தரை ஒரு மாதிரியும் இருக்கும்.

வழிந்தோட, நடுவிலிருந்து ஓரத்துக்கு நூற்றுக்கு ஒன்று என்ற சரிவு போதும். நடுவிலிருந்து ஓரம் 30 மீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர் இறக்கம். ஆடுபவர் காலுக்கு அது தெரியவே தெரியாது. ஓரத்தில் திறந்த வாய்க்காலோ, மேலே கம்பி மூடியிட்ட வடிகாலோ அமைத்து, தெருவின் மழைநீர் வடிகாலோடு சேர்க்க வேண்டும். அந்தத் தெரு வடிகாலின் அடிமட்டம் திடல் வடிகாலின் அடிமட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்பதை மட்டக்கருவி வைத்துப் பார்க்கச் சொல்லி உதவிப் பொறியாளரிடம் வற்புறுத்துங்கள். இந்த ஒரு சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டுப் போட்ட வடிகால்கள், மழைக்காலத்தில் தெருத் தண்ணீரைத் திடலுக்குள் கொண்டுவரும் குழாய்களாக மாறிவிடுகின்றன.

தண்ணீர் தேங்குகிறது என்பதற்காகத் திடலையே மண் கொட்டி உயர்த்துவது நியாயமான தீர்வு ஆகாது. அந்தத் தண்ணீர் பக்கத்துத் தெருவின் தாழ்ந்த வீடுகளுக்குள் போகும். இடம் இருந்தால், ஒரு மூலையை வேண்டுமென்றே அரை மீட்டர் தாழ்த்திப் புல் வளர்த்து, பெருமழை நாட்களில் நீர் தேங்கி மெல்ல வடியும்படி விடுவது மேல்; கோடைக்காலத்தில் அதே மூலை பிள்ளைகள் ஆடும் இடமாக இருக்கும். மணற்பாங்கான இடங்களில் மழைநீர் சேகரிப்புக் கிணறுகளும் நன்றாகவே வேலை செய்கின்றன.

மண்ணைப் பற்றி இன்னொன்று. பழைய இரும்புக் கடைகள், பேட்டரி உடைக்கும் இடங்கள், குப்பைக் கிடங்கு ஆகியவற்றின் அருகில் இருக்கும் திடல் என்றால், சிறு பிள்ளைகளை விடுவதற்கு முன் மேல்மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம் உள்ளிட்ட உலோகங்களுக்காகச் சோதிக்க வேண்டும். பிள்ளைகள் மண்ணைக் கையில் எடுப்பார்கள், கையை வாயில் வைப்பார்கள்; ஈயம் அவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அளவு மிகுதியாக இருந்தால் அந்த மேல்மண்ணை முறைப்படி அகற்றி நல்ல செம்மண் பரப்பும் வரை அந்தப் பகுதியை மூடிவைப்பதே சரி.

எதை எங்கே வைப்பது

மேலே சொன்ன 90 க்கு 60 மீட்டர் திடலின் விளிம்பு சரியாக 300 மீட்டர். வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது; வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் அதன் குறைந்த அளவு நிறைவேறும். சுறுசுறுப்பாக நடப்பவர் அரை மணியில் இந்தத் திடலை எட்டுச் சுற்று சுற்றிவிடலாம். ஆகவே விளிம்பு முழுக்க நடைப்பாதைக்கே விடுங்கள். இருவர் பேசிக்கொண்டு நடக்கவும், மூன்றாமவர் கடந்து போகவும் இரண்டரை மீட்டர் அகலம் வேண்டும். கெட்டித்த செம்மண்ணும் கல்தூளும் கலந்த பாதை முழங்காலுக்கு இதமானது, செலவும் குறைவு. பேவர் பிளாக் போட்டால் சக்கர நாற்காலிக்கு வசதி, ஆனால் அடித்தளம் சரியாக இல்லையென்றால் ஒரே மழையில் கற்கள் எழும்பித் தடுக்கிவிடும்.

நடுவில் ஏழு பேர் ஆடும் கால்பந்துக்கு ஏறத்தாழ 55 க்கு 37 மீட்டர் தேவை. மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு கபடிக் களமும் (ஆண்களுக்கு 13 க்கு 10 மீட்டர், பெண்களுக்கு 12 க்கு 8), ஒரு கைப்பந்துக் களமும் (18 க்கு 9 மீட்டர், சுற்றிலும் மூன்று மீட்டர் காலியிடம்) தாராளமாக அமையும். கபடிக்கும் கைப்பந்துக்கும் நல்ல மண் தரையே போதும். கேரம் வட சென்னையின் சொந்த விளையாட்டு என்பதால், தகரக் கூரை போட்ட ஒரு திண்ணையும் அதில் நான்கு பலகைகளும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் திடலுக்கு வருவதற்கு அது ஒரு காரணமாக அமையும்.

செயற்கைப் புல்லைப் பற்றிக் கேட்பீர்கள். மழை நின்றதும் ஆடலாம், சிராய்ப்பு குறைவு என்பவை உண்மைதான். ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் அது பாதத்தைச் சுடும் அளவுக்குச் சூடேறும். சில ஆண்டுகளில் தேய்ந்து, மாற்றுவதற்கு மறுபடியும் பெருந்தொகை கேட்கும். அதற்கு மேல், அது ஒரே விளையாட்டுக்கான தரை. அதன் செலவை ஈடுகட்டக் கட்டணம் வசூலிக்கும் யோசனையும் கூடவே வரும். சென்னையில் 2025-இல் மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் கட்டணத்துக்கு விடும் தீர்மானம் வந்து, எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. பொதுத் திடலில் ஆடுவதற்குப் பிள்ளைகளிடம் மணிக்கணக்கில் காசு கேட்கும் நிலை வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த நிலைக்கு இட்டுச்செல்லும் கட்டுமானத்தைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.

மரங்களை மேற்கு ஓரத்தில் நடுங்கள், மாலை வெயிலுக்கு நிழல் கிடைக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. தூங்குமூஞ்சி, குல்மோகர் போன்ற, வேர் மேலோடும் அயல் மரங்கள் அதில் பெரிதும் விழுந்தன. வேம்பு, புங்கன், மகிழம், நாவல் ஆகியவை நம் காற்றுக்கு நிற்பவை. கடலுக்கு அருகில் உப்புக்காற்றைத் தாங்கப் பூவரசு ஏற்றது. பருவமழைக்கு முன் நட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை மரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விளக்கில் எல்லாரும் ஹைமாஸ்ட் கேட்பார்கள். நடுவில் ஒரே ஒரு உயர்ந்த விளக்கு நின்றால் பந்தாட்டத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். பெண்கள் நடக்கும் விளிம்போ மர நிழலும் சுவர் நிழலுமாக இருண்டு கிடக்கும். நடைப்பாதையை ஒட்டித் தாழ்ந்த கம்பங்களில் எல்.இ.டி. விளக்குகள் வேண்டும். கழிப்பறையில் பெண்களுக்கான பகுதி தனி வாசலோடு, வெளிச்சம் உள்ள பக்கத்தில், தண்ணீர் வசதியோடு இருக்க வேண்டும். இது இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பெண்கள் திடலில் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது தவறு. வாசலில் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளமும், சக்கர நாற்காலி நுழையக் குறைந்தது 90 சென்டிமீட்டர் இடைவெளியும் வேண்டும். அந்த இடைவெளியில் பைக்கும் நுழையும். அதைத் தடுக்கக் காவலாளி வேண்டுமே தவிர, சக்கர நாற்காலியையும் சேர்த்துத் தடுக்கும் குறுக்குக் கம்பிகள் வேண்டாம்.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னவை முடிந்திருந்தால் இது அவ்வளவு கடினம் இல்லை. வார்டு உறுப்பினரின் மேம்பாட்டு நிதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் வரம்புள்ள நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆகிய மூன்றும் வழக்கமான வழிகள். மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தந்தால் மிச்சத்தை அரசு தரும் நமக்கு நாமே திட்டமும் உண்டு. அந்தப் பங்கை ஒரு நிறுவனமும் தரலாம். மணலி, எண்ணூர் பக்கத்துப் பெரிய ஆலைகள், நிறுவனச் சட்டம், 2013-இன்படி, லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடக் கடமைப்பட்டவை. அவற்றின் புகையை மூச்சில் வாங்கும் மக்கள் அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய் மதிப்பில் தொடங்கிவைக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு என்ன பணி வந்திருக்கிறது என்பதையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் கேட்டுப் பாருங்கள்.

எந்த வழியில் வந்தாலும், வேலை முடிந்தபின் தோன்றும் குறைகளை ஒப்பந்ததாரர் தம் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எவ்வளவு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் ஒரு மழைக்காலமாவது முழுமையாக அடங்க வேண்டும்.

உடல்நலத்தோடு இணைப்பது

அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைச் சந்தித்து, மாதத்தில் ஒரு நாளாவது திடலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்களுக்கு எந்த வீட்டில் யார் மாத்திரை சாப்பிடுகிறார் என்பது தெரியும். அவர்கள் "அம்மா, சாயந்திரம் கிரவுண்டுக்கு வாங்க" என்று சொல்லும் ஒரு வார்த்தைக்கு நாம் ஒட்டும் நூறு சுவரொட்டிகளும் ஈடாகாது. முதியவர்களுக்கு நடையோடு, ஒற்றைக் காலில் பிடிமானத்தோடு நிற்பது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது போன்ற சமநிலைப் பயிற்சிகளும் வாரத்தில் மூன்று நாள் வேண்டும். விழுவதைத் தடுப்பவை அவைதான்.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் கண்ணாடித் துண்டு குத்தியதும் தெரியாது. இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருக்க வேண்டும். நடக்கும்போது மார்பில் அழுத்தமோ வலியோ வந்தவர் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவற்றை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டிய பகுதி நம்முடையது. மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் காற்றின் தரத்தைத் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அளவைப் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டிய நாளில் பிள்ளைகளின் ஓட்டப் பயிற்சியைத் தள்ளிவையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று வராமல் இருக்கட்டும். போகி நாளின் விடியற்காலையில் யாருக்குமே பயிற்சி வேண்டாம்.

நேர அட்டவணையும் பராமரிப்பும்

அட்டவணையைத் தகரப் பலகையில் எழுதி வாசலில் மாட்ட வேண்டும். பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் ஒதுக்கிய நேரம் வாரத்தில் குறைந்தது மூன்று மாலைகளாவது இருக்கட்டும், அதுவும் எல்லாரும் விரும்பும் ஐந்து மணிக்கே; மிச்சம் மீதி நேரத்தைக் கொடுத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று குறை சொல்லக் கூடாது. அந்த மாலைகளில் பந்தாடும் இளைஞர்களுக்கு ஏழு மணிக்கு மேல் விளக்கோடு நேரம் கொடுங்கள். அரசியல் கூட்டம், திருமணப் பந்தல், திருவிழாக் கச்சேரி ஆகியவற்றுக்குத் திடல் கேட்டு வருவார்கள். ஆண்டுக்கு இத்தனை நாள்தான் என்றும், பந்தல் குழிகளை மூடிச் சமன்செய்யும் வரை முன்பணம் திருப்பப்படாது என்றும், நில உரிமையாளரான துறையின் ஒப்புதலோடு விதி எழுதிவையுங்கள்.

சாவி யாரிடம் இருக்கும் என்பதை ஒருவர் பெயரில் மட்டும் விடாமல், வெவ்வேறு தெருவைச் சேர்ந்த மூன்று பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கழிப்பறையைத் தினமும் இருமுறை சுத்தம் செய்யும் பணியாளருக்கு உரிய ஊதியம் மாநகராட்சியின் பராமரிப்புக் கணக்கிலேயே வருமாறு தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைத் தன்னார்வலர் தலையில் கட்டினால் இரண்டு மாதத்தில் நின்றுவிடும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் வடிகால்களைத் தூர்வாரச் சொல்லி மண்டல அலுவலகத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பருவமழை முடிந்து தை பிறந்ததும், பள்ளம் விழுந்த இடங்களில் செம்மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டித் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்த ஆண்டு எந்தெந்த இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதைத் திடலின் வரைபடத்தில் குறித்து உதவிப் பொறியாளரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டின் மதிப்பீட்டை அவர் அதிலிருந்து தயாரிப்பார்.